த்ரில்லர் படங்களின் சூட்சுமம்: யாருக்கு எது தெரியும், எப்போது தெரியும்?

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘நொட்டோரியஸ்’ (1946) படத்தில் ஒரு விருந்துக் காட்சி உண்டு. வில்லனின் மாளிகை, பெரிய மனிதர்கள் கூட்டம். வில்லனுக்கு மனைவியாக அந்த வீட்டுக்குள் வந்திருக்கும் இங்க்ரிட் பெர்க்மன் உண்மையில் உளவு பார்க்க வந்தவர். கணவனின் சாவிக்கொத்திலிருந்து ஒயின் நிலவறையின் சாவியை மட்டும் கழற்றிவிட்டார். விருந்தாளியாக வந்திருக்கும் சக உளவாளி கேரி கிராண்டின் கையில் அதைச் சேர்க்க வேண்டும். நிலவறையில் எதையோ ஒளித்துவைத்திருக்கிறார்கள். அது என்னவென்று பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் திரும்பிவிட வேண்டும்.

இதற்கிடையே மேலே ஷாம்பெயின் தீர்ந்துகொண்டே வருகிறது. ஐஸில் மிச்சமிருக்கும் பாட்டில்களை ஹிட்ச்காக் அவ்வப்போது காட்டுகிறார். அவை காலியானால் இன்னும் சில பாட்டில்கள் எடுக்கக் கணவன் நிலவறைக்குப் போவான். போனால் சாவியைத் தேடுவான். அந்தக் கூடத்தில் துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை, ஒரு அதட்டல்கூட இல்லை. எல்லோரும் சிரித்துப் பேசிக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் யாராவது காலிக் கோப்பையை நீட்டினால் போதும், நமக்கு வயிற்றைக் கலக்குகிறது.

காரணம், நமக்குத் தெரிந்தது அந்தக் கணவனுக்குத் தெரியாது. எந்த நிமிடமும் தெரிந்துவிடலாம். த்ரில்லர் வகைப் படங்களின் அடிப்படை இதுதான். கொலை, கடத்தல், குண்டு, மழை இரவு எல்லாம் அதன்மேல் வந்து உட்காருபவை. யாருக்கு எது தெரியும், அது எப்போது தெரியவரும் என்பதை வைத்து விளையாடும் கதை என்று த்ரில்லரைச் சொன்னால் பெரிய தவறு இருக்காது. வழிவழியாக இந்த வகையில் புழங்கும் உத்திகளைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலானவை இந்த விளையாட்டுக்குத் துணை செய்யத்தான் வந்திருக்கின்றன. (அங்கங்கே படங்களின் முடிச்சுகளை அவிழ்த்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது. பார்க்காத படத்தின் பெயர் வந்தால் அந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

எது த்ரில்லர், எது இல்லை

துப்பறியும் கதையையும் த்ரில்லரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது சகஜம். இரண்டிலும் பிணம் விழும், போலீஸ் வரும், ரகசியம் இருக்கும். ஆனால் துப்பறியும் கதை நடந்து முடிந்ததைத் தோண்டுகிறது: கொன்றது யார், எப்படி, ஏன்? துப்பறிபவர் ஆபத்தில் மாட்டியே ஆக வேண்டும் என்றில்லை, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிடலாம். த்ரில்லர் இனி நடக்கப்போவதை நோக்கி இழுக்கிறது: அடுத்த கொலையைத் தடுக்க முடியுமா, இவன் தப்பிப்பானா, உண்மை வெளியே வந்துவிடுமா? அங்கே ஆவல், இங்கே பதற்றம்.

திகில் படத்தோடு உள்ள எல்லைக்கோடு இன்னும் மங்கலானது. திகில் படம் பயமுறுத்துவதையே வேலையாக வைத்திருக்கிறது. பெரும்பாலும் மனித அறிவுக்குள் அடங்காத ஏதோ ஒன்று அங்கே உலவும். த்ரில்லரில் ஆபத்து மனிதர்களிடமிருந்தோ, அவர்கள் போட்ட திட்டத்திலிருந்தோ, நம்பும்படியான ஒரு சூழ்நிலையிலிருந்தோ வருகிறது. ஆக்‌ஷன் படத்துக்குக் காசு கொடுப்பவர் சண்டையைப் பார்க்க வருகிறார். த்ரில்லருக்கு வருபவர், அந்தச் சண்டை எப்போது வெடிக்குமோ என்று தவிக்க வருகிறார். ‘சைக்கோ’வை (1960) திகில் ரசிகர்களும் த்ரில்லர் ரசிகர்களும் தங்கள் படம் என்று உரிமை கொண்டாடுவார்கள். கொண்டாடட்டும், இந்த எல்லைத் தகராறில் யாருக்கும் எதுவும் கிடைக்கப்போவதில்லை.

திடுக்கிடலும் தவிப்பும்

1962-இல் பிரெஞ்சு இயக்குநர் ஃப்ரான்ஸ்வா த்ரூஃபோ, ஹிட்ச்காக்கை நாள்கணக்கில் உட்காரவைத்துப் பேட்டி எடுத்தார். 1966-இல் அது புத்தகமாக வந்தது. அதில் ஹிட்ச்காக் சொன்ன குண்டு உதாரணத்தைத் தொடாமல் த்ரில்லரைப் பற்றி எழுதுபவர்கள் அபூர்வம், எனக்கும் வேறு வழி தெரியவில்லை. மேஜைக்கு அடியில் குண்டு இருக்கிறது, நமக்குத் தெரியாது, திடீரென்று வெடிக்கிறது. பதினைந்து விநாடி திடுக்கிடுகிறோம். அதே குண்டை ஒருவன் வைப்பதை முன்கூட்டியே காட்டிவிட்டால்? மேஜையில் நடக்கும் வெட்டிப் பேச்சைக்கூட பதினைந்து நிமிடம் நகத்தைக் கடித்துக்கொண்டு கேட்போம். முதலாவது அதிர்ச்சி, இரண்டாவது சஸ்பென்ஸ்.

எதையாவது மறைத்தால்தான் சஸ்பென்ஸ் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு, சொன்னால்தான் வரும். எந்தக் காட்சியிலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இந்த நொடியில் எனக்குக் கதாநாயகனைவிட அதிகம் தெரியுமா, அவன் அளவுக்குத்தான் தெரியுமா, குறைவாகத் தெரியுமா? அதிகம் தெரிந்தால் தவிக்கிறோம். அவன் அளவுக்குத் தெரிந்தால் அவனோடு சேர்ந்து தேடுகிறோம். குறைவாகத் தெரிந்தால் எல்லோரையும் சந்தேகப்படுகிறோம். இரண்டு மணி நேரமும் ஒரே நிலையில் நிற்கும் படம் சலித்துவிடும். கெட்டிக்கார இயக்குநர்கள் நம்மை இந்த மூன்றுக்கும் நடுவே மாற்றி மாற்றி உட்காரவைப்பார்கள்.

ஜீத்து ஜோசப்பின் மலையாளப் படமான ‘த்ரிஷ்யம்’ (2013), அவரே தமிழில் எடுத்த ‘பாபநாசம்’ (2015), இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். வீடு தேடி வந்து மிரட்டிய பையன் எப்படிச் செத்தான், யார் அடித்தது, எங்கே புதைத்தார்கள் என்பதை எல்லாம் கண்முன்னே காட்டிவிடுகிறார்கள். கொலையாளி யார் என்ற கேள்விக்கே இடம் இல்லை. மிச்சமிருப்பது ஒரே பதற்றம்: போலீஸ் விசாரணையில் அந்தக் குடும்பத்தில் யாராவது வாய் தவறிவிடுவார்களா? சின்னப் பெண் என்ன உளறிவிடுவாளோ? இவ்வளவு வெளிப்படையான படம் நம்மிடம் எதையும் ஒளிக்காது என்று நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கைக்குப் பின்னால்தான் படம் ஒன்றே ஒன்றை ஒளித்துவைத்திருக்கிறது. உடல் நாம் பார்த்த இடத்தில் இல்லை, அப்போது கட்டிக்கொண்டிருந்த புதிய காவல் நிலையத்தின் தரைக்கு அடியில் இருக்கிறது. படம் நெடுக நாயகன் அளவுக்கு நமக்கும் தெரியும் என்று நினைத்திருந்தோம். கடைசியில்தான் குறைவாகத் தெரிந்தவர்கள் வரிசையில், போலீஸுக்குப் பக்கத்திலேயே, நாமும் உட்கார்ந்திருந்தது புரிகிறது.

முடிவு தெரிந்தால் த்ரில்லரில் சுவை இருக்காது என்ற வாதத்துக்கும் இங்கேயே ஒரு பதில். ‘தி டே ஆஃப் த ஜக்கால்’ (1973) பிரான்ஸ் அதிபர் டி கோலைக் கொல்ல ஒரு கூலிக் கொலைகாரன் போடும் திட்டத்தைப் பற்றிய படம். டி கோல் கொல்லப்படவில்லை, 1970-இல் தம் வீட்டில் இயற்கையாக இறந்தார். படம் பார்க்க வந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். தெரிந்தும் தவித்தார்கள். கொலைகாரன் எவ்வளவு நெருங்குவான், எந்த இடத்தில் கோட்டை விடுவான் என்பது மட்டும் தெரியாது. அந்தச் சின்ன இடைவெளி போதுமானதாக இருந்தது.

மாட்டிக்கொள்ளும் மனிதன்

த்ரில்லர் நாயகர்களில் நிறைய பேர் சாதாரண ஆட்கள். ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ (1959) படத்தில் விளம்பரத் துறையில் வேலை பார்க்கும் ஒருவன் ஹோட்டலில் உட்கார்ந்திருக்கிறான். கேப்லன் என்பவரைத் தேடி ஹோட்டல் பையன் பெயரைக் கூவிக்கொண்டே வருகிறான். அதே நேரத்தில், ஒரு தந்தி அனுப்ப வேண்டும் என்று இவன் அந்தப் பையனைக் கைகாட்டிக் கூப்பிடுகிறான். ஓரமாக நின்று கவனித்துக்கொண்டிருந்த இரண்டு பேர், கேப்லன் இவன்தான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த ஒரு கையசைப்பிலிருந்து கடத்தல், கொலைப்பழி, துரத்தல் என்று முழுப் படமும் கிளம்புகிறது. இதில் குறும்பு என்னவென்றால், கேப்லன் என்று ஒரு ஆளே கிடையாது. எதிரிகளைத் திசைதிருப்ப உளவுத்துறை கட்டிவிட்ட வெறும் பெயர் அது.

பயிற்சி பெற்ற ஆள் மாட்டினால், அவன் பார்த்துக்கொள்வான் என்று சாய்ந்து உட்கார்ந்துவிடுவோம். துப்பாக்கியே பிடித்திராத ஆள் மாட்டும்போதுதான் அவன் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்கிறோம். நாயகன் போலீஸாகவோ உளவாளியாகவோ இருந்தாலும் அவனிடம் ஏதாவது ஒரு குறையை வைப்பது அதனால்தான்: வேலையிலிருந்து ஒதுக்கப்பட்டவன், தூக்கம் வராதவன், பழைய வழக்கில் யாரையோ காப்பாற்ற முடியாத குற்றவுணர்ச்சியில் இருப்பவன். குடித்துக் குடித்துத் தாடி வளர்த்த போலீஸ் அதிகாரி என்ற வார்ப்பு மட்டும் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. யாராவது அதற்கு ஓய்வு கொடுக்கலாம்.

சரி, இவ்வளவு ஆபத்தில் இருப்பவன் நேராகப் போலீஸிடம் போனால் என்ன? இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்காத த்ரில்லர் பத்து நிமிடத்தில் படுத்துவிடும். வழக்கமான பதில்கள் சில உண்டு. கொலைப்பழியே அவன்மேல்தான் விழுந்திருக்கும். போலீஸுக்குள்ளேயே ஒருவர் விலைபோயிருப்பார். சொன்னாலும் நம்பமாட்டார்கள். குழந்தையோ மனைவியோ பணயமாக இருப்பார்கள். இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது, நாயகனே எதையோ மறைக்க வேண்டிய நிலையில் இருப்பதுதான். மற்ற பதில்கள் எல்லாம் வெளியிலிருந்து வரும் தடைகள். இதில் மட்டும், ஆபத்திலிருந்து தப்பிக்க அவன் உண்மையைச் சொல்ல வேண்டும், உண்மையைச் சொன்னால் வேறு விதமாக அழிவான். ‘சைக்கோ’வில் சாலையோரம் காரில் தூங்கிவிட்ட பெண்ணை ஒரு போலீஸ்காரர் எழுப்பி விசாரிக்கும்போது நாம் பதறுவது, அவள் 40,000 டாலரைத் திருடிக்கொண்டு வந்திருப்பதால். நியாயமாகப் பார்த்தால் போலீஸ்காரர் பக்கம்தான் நாம் இருக்க வேண்டும்.

உதவிக்குக் கூப்பிட முடியாமல் செய்வதும் இதன் கிளைதான். கைபேசி வந்த பிறகு திரைக்கதை எழுதுபவர்களுக்கு இது பெரிய தலைவலி. அதனால்தான் எத்தனையோ படங்களில் சரியான நேரத்தில் சிக்னல் போகிறது, சார்ஜ் தீர்கிறது. இது புதுசும் இல்லை. டி. டபிள்யூ. கிரிஃபித் 1909-இல் எடுத்த ‘தி லோன்லி வில்லா’ என்ற குறும்படத்திலேயே, வீட்டுக்குள் திருடர்கள் நுழைந்துகொண்டிருக்க, மனைவி கணவனோடு ஃபோனில் பேசிக்கொண்டிருப்பாள், பாதியில் லைன் அறுந்துவிடும். இப்போதைய நல்ல படங்கள் ஃபோனைச் சாகடிப்பதில்லை, அதையே ஆபத்தாக மாற்றிவிடுகின்றன. நாயகன் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பது அவன் பையில் இருக்கும் அந்தக் கருவிதான்.

வில்லன், அவன் தேடும் பொருள்

வில்லன் எவ்வளவு கெட்டிக்காரனோ அவ்வளவுக்குப் படம் தேறும். நாயகன் யோசிப்பதை அவன் முன்பே யோசித்திருக்க வேண்டும். அகிரா குரோசாவாவின் ‘ஹை அண்ட் லோ’ (1963) படத்தில் பணக்காரத் தொழிலதிபரின் மகன் என்று நினைத்து அவருடைய டிரைவரின் மகனைக் கடத்திவிடுகிறான் ஒருவன். ஆள் மாறிவிட்டது என்று தெரிந்த பிறகும் அசரவில்லை, பணத்தைத் தொழிலதிபர்தான் தர வேண்டும் என்கிறான். கொடுத்தால் அவர் வாழ்நாள் உழைப்பு போகும். கொடுக்காவிட்டால் இன்னொருவரின் பிள்ளை சாகும். படத்தின் முதல் பாதி கிட்டத்தட்ட முழுதும் ஒரே வரவேற்பறையில் நடக்கிறது, யாரும் அசையாமல் நின்று பேசுகிறார்கள், நமக்கு மூச்சு முட்டுகிறது.

பணத்தை எப்படித் தர வேண்டும் என்பதற்கு அவன் போடும் நிபந்தனையில்தான் அவன் யாரென்று தெரிகிறது. பணப்பெட்டிகள் 7 சென்டிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கக் கூடாதாம். ஏன் என்று போலீஸுக்குப் புரிவதில்லை. ஓடும் விரைவு ரயிலில் ஏறிய பிறகுதான் புரிகிறது: ஜன்னல்கள் எல்லாம் மூடியே இருக்கும் அந்த ரயிலில், கழிவறை ஜன்னல் மட்டும் 7 சென்டிமீட்டர் திறக்கும். ஆற்றுப் பாலத்தில் போகும்போது அதன் வழியே பெட்டியை வெளியே தள்ளச் சொல்கிறான். ரயில் முழுக்கப் போலீஸ் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கத்தியைக் காட்டி மிரட்டும் நூறு வில்லன்களைவிட இந்த 7 சென்டிமீட்டர் அதிகம் பயமுறுத்துகிறது.

எல்லோரும் அடித்துக்கொள்ளும் பொருள் ஒன்றும் பெரும்பாலும் இருக்கும்: ரகசிய ஆவணம், மைக்ரோ ஃபிலிம், பென் டிரைவ், பெட்டி. ஹிட்ச்காக் இதை மெகஃபின் என்று அழைப்பார். கதையில் இருப்பவர்களுக்கு அது உயிர், பார்ப்பவர்களுக்கு அது என்னவாக இருந்தாலும் பரவாயில்லை என்பது அவர் கட்சி. முதலில் சொன்ன விருந்துப் படத்தில் ஒயின் பாட்டிலுக்குள் இருப்பது யுரேனியத் தாது. அதற்குப் பதில் வைரம் என்று மாற்றினாலும் படம் அப்படியே ஓடும். ‘சைக்கோ’வில் இன்னும் துணிச்சல்: அரை மணி நேரம் நம்மைத் துரத்திய அந்த 40,000 டாலர், செய்தித்தாளில் சுற்றியபடியே பிணத்தோடு சேர்ந்து சதுப்புக்குள் போய்விடுகிறது.

கடிகாரமும் நாலு சுவரும்

கெடு இல்லாமல் பதற்றம் இல்லை. விடிவதற்குள், ரயில் கிளம்புவதற்குள், அடுத்த பௌர்ணமிக்குள். குண்டின்மேல் சிவப்பு எண்கள் குறைந்துகொண்டே வருவது இதன் மிகச் சோம்பேறியான வடிவம். எண்களையே காட்டாமல் காலத்தை உணர்த்துவது கெட்டிக்காரத்தனம், ஷாம்பெயின் பாட்டில்கள் அதைத்தான் செய்தன. கெடுவை வைத்துவிட்டால் எடிட்டிங் மேஜையில் நேரத்தை இழுக்கலாம். ஒருவன் படியேறுவது, இன்னொருத்தி அறைக்குள் தேடுவது என்று மாற்றி மாற்றிக் காட்டும்போது, நிஜத்தில் அரை நிமிடத்தில் முடிகிற விஷயம் திரையில் மூன்று நிமிடம் போகும். யாரும் கணக்குக் கேட்பதில்லை.

ஆன்றி ஜார்ஜ் க்ளூஸோவின் ‘தி வேஜஸ் ஆஃப் ஃபியர்’ (1953) படத்தில் கெடு கடிகாரத்தில் இல்லை, லாரியின் முதுகில் இருக்கிறது. நாலு பேர், இரண்டு லாரி, நைட்ரோகிளிசரின். எண்ணெய்க் கிணற்றில் பிடித்த தீயை அணைக்க அதைக் கரடுமுரடான மலைப்பாதையில் கொண்டுபோக வேண்டும். கொஞ்சம் குலுங்கினால் அவ்வளவுதான். இந்தப் படத்தை முதன்முறை பார்ப்பவர்கள் ஒரு விஷயத்தில் எரிச்சலடையலாம்: லாரி கிளம்புவதற்கே நெடுநேரம் ஆகிறது. அதுவரை அந்த நாலு பேரும் வேலையில்லாமல், ஊர் திரும்பக் காசில்லாமல் அழுகிக்கொண்டிருப்பதைத்தான் காட்டுகிறார்கள். அந்த நேரம் வீண் இல்லை. இந்தப் பைத்தியக்கார வேலைக்கு இவர்கள் ஏன் ஒப்புக்கொள்கிறார்கள் என்பது நமக்கு உறைத்தால்தான் அடுத்து வரும் ஒவ்வொரு பள்ளமும் மேடும் உறைக்கும்.

இடத்தைச் சுருக்குவது இன்னொரு வழி. ‘ரியர் விண்டோ’வில் (1954) காலில் மாவுக்கட்டோடு சக்கர நாற்காலியில் கிடக்கும் புகைப்படக்காரர், எதிர்வீட்டில் கொலை நடந்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறார். கேமராவும் கிட்டத்தட்ட படம் முழுக்க அவர் அறையை விட்டு வெளியே வருவதில்லை. அவர் காதலி துணிந்து எதிர்வீட்டுக்குள் நுழைந்துவிட, கொலைகாரன் திரும்பி வருவது அவருக்கும் நமக்கும் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. அவரால் எழுந்து ஓடவும் முடியாது.

விறுவிறுப்பு அறுந்துவிடக் கூடாது என்ற கவலையில்தான் எஸ். பாலசந்தர் 1954-இல் ‘அந்த நாள்’ படத்தைப் பாட்டே இல்லாமல் எடுத்தார். ஒரு படத்தில் பாட்டுகளை எண்ணிப் பார்த்து டிக்கெட் வாங்கிய காலம் அது. போதாததற்கு சிவாஜி கணேசனை முதல் காட்சியிலேயே சுட்டுச் சாகடித்துவிடுகிறார்கள். அதற்காக ஆசுவாசமே கூடாது என்று அர்த்தம் இல்லை. இடையில் ஒரு சிரிப்பு, ஒரு அமைதியான சாப்பாட்டுக் காட்சி வந்தால்தான் அடுத்த அடி உறைக்கும். இடைவிடாமல் அலறும் படம் அரை மணி நேரத்தில் மரத்துப்போய்விடும்.

காட்டாமல் காட்டுவது

ஃப்ரிட்ஸ் லாங்கின் ‘எம்’ (1931) குழந்தைகளைக் கொல்லும் ஒருவனைப் பற்றிய ஜெர்மானியப் படம். ஒரு கொலையைக்கூட அவர் திரையில் காட்டவில்லை. அம்மா சாப்பாட்டு மேஜையைத் தயார் செய்துவிட்டுக் காத்திருக்கிறாள். காலி நாற்காலி. ஆளில்லாத மாடிப்படி. புதரிலிருந்து ஒரு பந்து மட்டும் உருண்டு வருகிறது. அந்தக் குழந்தைக்கு அவன் வாங்கிக் கொடுத்த பலூன் மேலே போகும் கம்பிகளில் சிக்கித் தவிக்கிறது. அவ்வளவுதான். கொலைகாரன் அவ்வப்போது எட்வர்ட் கிரீகின் ஒரு மெட்டை விசிலடிப்பான். முகம் தெரிவதற்கு முன்பே அவன் வந்துவிட்டான் என்று அந்த விசில் நமக்குச் சொல்லிவிடும். கடைசியில் அவனை அடையாளம் காண்பதும் பலூன் விற்கும் பார்வையற்ற ஒருவர், அந்த விசிலைக் கேட்டு. பேசும் படம் வந்து சில ஆண்டுகளே ஆன காலத்தில் ஒலியை வைத்து இப்படி யோசித்திருக்கிறார்.

‘ஜாஸ்’ (1975) படத்தில் சுறாவை ஒரு மணி நேரத்துக்கு மேல் சரியாகக் காட்டாததற்கு முக்கியக் காரணம், படப்பிடிப்பில் இயந்திரச் சுறா அடிக்கடி பழுதானதுதான். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் வேறு வழியில்லாமல் தண்ணீரையும், மிதக்கும் மஞ்சள் பீப்பாய்களையும், ஜான் வில்லியம்ஸின் இரண்டு சுர இசையையும் சுறாவாக்கினார். இந்த இசையில் ஒரு நேர்மை இருக்கிறது. இரண்டு பையன்கள் அட்டையில் செய்த சுறாத் துடுப்பை வைத்துக்கொண்டு கடற்கரையில் எல்லோரையும் பயமுறுத்தும் காட்சியில் அந்த இசை வராது. சுறா இருந்தால்தான் இசை வரும் என்று நம் காது பழகிவிடுகிறது. அப்புறம் ஒரு கட்டத்தில், போலீஸ் அதிகாரி படகின் பின்புறம் இரை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும்போது, எந்த இசையும் இல்லாமல் சுறா தலையைத் தூக்குகிறது. விதியைப் போட்டுப் பழக்கியவர்தான் இப்படி அதை மீற முடியும். பூனை பாய்வதற்கும் கதவு சாத்துவதற்கும் டமாரென்று வாசிக்கும் படங்கள் இதை இழந்துவிடுகின்றன.

பார்வையாளரின் கையிலும் கறை

த்ரில்லர் செய்யும் வேலைகளில் மிகவும் வில்லங்கமானது, நம்மைத் தப்பானவன் பக்கம் சாய்த்துவிடுவது. ‘சைக்கோ’வில் யாரைக் கதாநாயகி என்று நம்பினோமோ அவரைப் படம் பாதியைத் தொடுவதற்கு முன்பே கொன்றுவிடுகிறார்கள். அவர் தங்கிய விடுதியை நடத்தும் நார்மன் குளியலறையைக் கழுவித் துடைக்கிறான், பிணத்தைக் காரில் ஏற்றிச் சதுப்பில் தள்ளுகிறான். கார் மெல்ல மூழ்குகிறது, பாதியில் நின்றுவிடுகிறது. அவன் பதற்றத்தோடு சுற்றுமுற்றும் பார்க்கிறான். அந்தச் சில விநாடிகளில் நாமும் ‘மூழ்கிவிடு’ என்றுதான் நினைக்கிறோம். சற்று முன் செத்தவளுக்காகத் துடித்த நாம்தான் இப்போது தடயம் மறைய வேண்டும் என்று வேண்டுகிறோம். ஒரு வேலையை ஒருவன் கவனமாகச் செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தால், அது எந்த வேலையாக இருந்தாலும், அது முடிய வேண்டும் என்று மனசு விரும்பத் தொடங்கிவிடுகிறது. ஹிட்ச்காக்குக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது.

விதைப்பது, திசைதிருப்புவது, அவிழ்ப்பது

க்ளைமாக்ஸில் நாயகனுக்குக் கைகொடுக்கும் எதுவும் அதற்கு முன்பே நம் கண்ணில் பட்டிருக்க வேண்டும். ‘ரியர் விண்டோ’வில் கொலைகாரன் அறைக்குள் வந்துவிடுகிறான், நாற்காலியை விட்டு எழ முடியாத நாயகனிடம் ஆயுதம் இல்லை. ஃபிளாஷ் பல்புகளை ஒவ்வொன்றாகக் கொலைகாரன் முகத்துக்கு நேரே அடித்துக் கண்ணைக் கூசவைக்கிறான் நாயகன். புகைப்படக்காரன் வீட்டில் ஃபிளாஷ் பல்பு இருப்பதில் என்ன ஆச்சரியம்? அதற்குப் பதில் திடீரென்று ஒரு துப்பாக்கி கையில் முளைத்திருந்தால் ரசிகர்கள் ‘காதில் பூ’ என்று எழுந்துபோயிருப்பார்கள்.

விதைத்ததை நாம் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடாமல் இருக்கத்தான் போலித் துப்புகள். முறைத்துப் பார்க்கும் தோட்டக்காரர், பூட்டிய அறை, அளவுக்கு மீறி உதவி செய்யும் பக்கத்து வீட்டுக்காரர். இதில் நம்மூர் ரசிகர்கள் இப்போது ரொம்பவே தேறிவிட்டார்கள். முதல் அரை மணி நேரத்தில் சந்தேகப்படும்படி காட்டப்பட்டவர் கொலைகாரர் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். தெரிந்த நடிகர் ஒருவர் வேலையே இல்லாத வேடத்தில் வந்துபோனால் அவர்தான் என்றும் சொல்வார்கள், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

ட்விஸ்டுக்கு இன்று தேவைக்கு மேல் மரியாதை கிடைக்கிறது என்பது என் எண்ணம். அது இல்லாமலே நல்ல த்ரில்லர் உண்டு: லாரிப் படத்திலும் ஜக்கால் படத்திலும் நம்மைக் கடைசிவரை பிடித்துவைப்பது ட்விஸ்ட் அல்ல. ட்விஸ்ட் வந்தால், அது முன்னால் பார்த்த காட்சிகளை வேறு அர்த்தத்தில் திரும்பப் படிக்கவைக்க வேண்டும். கடைசி ரீலில் இரட்டைச் சகோதரன் ஒருவனை இறக்கினால் யாருக்கும் அதிர்ச்சியாகத்தான் இருக்கும், ஆனால் அதில் திறமை எங்கே இருக்கிறது? இரண்டாம் முறை பார்க்கும்போது படம் இன்னும் நன்றாக இருந்தால் ட்விஸ்ட் உண்மையானது.

அவிழ்த்த பிறகு விளக்குவது இந்த வகையின் தீராத தொல்லை. ‘சைக்கோ’வின் கடைசியில் ஒரு மனநல மருத்துவர் வந்து நார்மனுக்கு என்ன ஆயிற்று என்று நின்று நிதானமாகப் பாடம் நடத்துகிறார். இவ்வளவு கச்சிதமான படத்தில் அது மட்டும் நீளம் என்ற குறை இன்றுவரை பேசப்படுகிறது. இப்போது மருத்துவருக்குப் பதில் ஃபிளாஷ்பேக் துணுக்குகள் வருகின்றன: முன்பு பார்த்த ஷாட்டுகளையே வேறு கோணத்தில் திரும்பக் காட்டி, அப்போதே சொன்னோமே என்று நிரூபிப்பது. மூன்று ஷாட்டில் முடித்தால் அழகாக இருக்கும். வில்லனின் சின்ன வயது, அவன் அம்மா, அவனைக் கேலி செய்த பள்ளிக்கூடம் என்று அதையே இருபது நிமிடம் ஓட்டினால், நிரூபித்து முடிப்பதற்குள் பாதிப் பேர் வண்டியை எடுக்கப் போயிருப்பார்கள்.